எதிர்க்கடைக்குப் போகும் வழி

ஜூன் 9, திங்கள்

இந்த டைரியைக் குக்கர் கம்பெனிக்காரர்கள் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். பாத்திரக்கடை முதலாளிக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? மாதத்துக்கு ஒரு குக்கர் படம் போட்டிருக்கிறது. பாதி வருடம் சும்மா கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் அம்மா இதை என் மேசையில் கொண்டுவந்து போட்டாள். "வெள்ளத் தாளா வீணாப் போகுது. நீயாவது எதையாவது கிறுக்கு" என்றாள். சரி, கிறுக்குகிறேன்.

நான் ஊரின் தெருக்களைப் படிக்கிறவள். இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஊரில் உள்ள சாலைகளையெல்லாம் கணினியில் கோடுகளாக இழுத்து, அவை சந்திக்கும் இடங்களை முடிச்சுகளாகப் போட்டு, எங்கிருந்து எங்கே போகிறவர்கள் எந்தக் கோட்டில் வந்து விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்போது எந்தத் தெருவை வண்டிக்கு விடலாம், எதை நடக்கிறவர்களுக்கு மீட்டுத் தரலாம் என்று தெரியும். சித்தப்பா மகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டிராபிக் போலீஸா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று நெல்லை டவுன் வரைபடம் முடிந்தது. நெரிசலான தெருக்கள் சிவப்பாகத் தெரியும். நடுவில் ஒரு சின்னக் கோடு மட்டும் மிளகாய்ப்பழம் மாதிரி நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேல உப்புமண்டித் தெரு. அப்பாவின் கடை இருக்கிற தெரு. எங்கள் வீடு அந்தக் கடையின் பின்சந்தில் இருக்கிறது. உலகம்மாள், அதாவது நான், பிறந்து வளர்ந்த தெருவை உலகம்மாளின் கணினியே காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கள் மாநகராட்சிப் பொறியாளர் எஸ்தர் மேடம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அந்தத் தெருவுக்கு வருகிறவர்களைவிட அதை ஊடே புகுந்து கடக்கிறவர்கள்தான் அதிகம். பெரிய சாலையின் சிக்னலுக்குப் பயந்து இதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிறார்கள். இரு முனையையும் அடைத்தால் அவர்கள் பெரிய சாலையிலேயே போவார்கள், தெரு மூச்சு விடும்.

"முதல் தெரு இதுதான்" என்றார் மேடம். "கொஞ்ச நாள் சோதனை பண்ணிப் பாப்போம். ஆனா வியாபாரிகள் சங்கம் சம்மதம்னு எழுதித் தரணும். தராட்டி திட்டமும் இல்ல, உன் ஒப்பந்தமும் நீளாது. சங்கத் தலைவர் யாருன்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன. அவருக்குத்தான் இப்போது தோசை சுட்டுப் போட்டு, திட்டத்தையும் சொல்லிவிட்டு வருகிறேன். ஆ. சங்கரபாண்டியன், சங்கரபாண்டியன் பாத்திர மாளிகை.

"வண்டி வராத தெருவுல எவன்ட்டி வந்து அண்டா வாங்குவான்? தலையில தூக்கிட்டுப் போவானா?"

"சரக்கு வண்டிக்குக் காலைல நேரம் உண்டுப்பா."

"சட்னி போடு" என்றார். பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

ஒப்பந்தம் நீளாவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. புனேயில் நான் முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஊருக்கு வந்ததிலிருந்து நான் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

தெருவை நடந்து பார்க்கிற நாள். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு பிள்ளையார், மீதி இடத்தில் பைக்குகள். ஆகவே மனிதர்கள் எல்லாரும் தெருவில் நடக்கிறார்கள். ஹாரன் அடித்தால் ஒதுங்க இடமில்லை, நின்று முறைக்கலாம். நான் முறைத்தேன். பைக்கில் வந்தவனும் முறைத்தான்.

காலையில் அப்பா பின்சந்திலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கடைவாசலுக்குப் போனார். ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன். பெட்ரோல் விற்கிற விலை தெரியுமா என்றார். கடையில் வியாபாரம் கோடீஸ்வரன் கணக்காக ஓடுகிறது, இந்த மனுஷன் சந்து தாண்டுவதற்குப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார்.

எதிர்க்கடை காஜா மாமாவுடையது. செருப்புக்கடை. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் அவரும் ஒரே டம்ளர் டீயைப் பாதிப்பாதி குடிப்பார்கள். தினமும் சாயங்காலம் அப்பா அங்கே போய் உட்கார்ந்துவிடுவார், அம்மா போய்க் கூப்பிட்டால்தான் வருவார். இப்போது போவதில்லை. போன தீபாவளியிலிருந்து பேச்சே இல்லையாம். "என்னம்மா சண்டை?" என்று கேட்டால் அம்மா, "புத்தி கெட்ட ரெண்டு கெழட்டுக் கோட்டிகளுக்கும் நடுவுல நான் வரல" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பாவின் செருப்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வார் அறுந்து, அதைச் செம்புக் கம்பி போட்டு முறுக்கி வைத்திருக்கிறார். எதிர்க்கடையில் வாங்கமாட்டாராம், வேறு கடையிலும் வாங்கமாட்டாராம். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா.

ஜூன் 16, திங்கள்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கணினியில் தண்ணீர் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவினேன்.

ஜூன் 21, சனி

இன்று வண்டி நிறுத்தக் கணக்கெடுப்பு. காலை கடை திறந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தெருவில் நிற்கிற வண்டிகளை எண்ணிக் குறித்தேன். அப்பா மாடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். எதிரிக்கு ஸ்டூல் போடுகிற பெருந்தன்மை அவருக்கு உண்டு.

நாள் முழுக்க இரண்டு ஓரமும் வண்டி. ஒரு அடி இடம் காலியில்லை. சோர்ந்துபோனேன். இவ்வளவு வாடிக்கையாளர்கள் வண்டியில் வருகிற தெருவில் நிறுத்தத்தை எடுத்துவிட்டால் அப்பா சொல்வதுதான் நடக்கும்.

மாடியிலிருந்து ஒரு வேடிக்கையும் பார்த்தேன். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அப்பா வாசலில் இறங்கி நின்றார். ஒரு காலைத் தெருவில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு ஆட்டோ போனது. எடுத்துவிட்டார். எதிரே காஜா மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு காக்காயைச் 'சூ' என்று விரட்டிவிட்டு உள்ளே போனார். தெருவில் காக்காய் எதுவும் இல்லை. வயதானால் வாஸ்து, சகுனம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்போல.

ஜூன் 27, வெள்ளி

முதல் வரைபடத்தை எஸ்தர் மேடத்திடம் காட்டினேன். இரண்டு ஓரமும் வண்டி நிறுத்தம் வைத்தது போக நடைபாதைக்கு மிஞ்சியதைப் பார்த்து, "இதுல நம்ம மாதிரி ஆளு நடக்கணும்னா பக்கவாட்டுலதான் நடக்கணும், உலகம்மா" என்றார். மேடமும் நானும் ஒரே அளவு உடம்பு. சிரித்தேன், ஆனால் எரிச்சலாக வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

காஜா மாமா கடைக்குப் போய்ச் செருப்பு வாங்கினேன். வேண்டாம்தான், ஒரு சாக்கு. மாமாவின் கடைவாசலில் எப்போதும் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அவர் இருந்தால் அதில் இருப்பார். இல்லாவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும்.

"உங்க வண்டி எங்க மாமா?"

"நான் எந்தக் காலத்துல மக்ளே வண்டி ஓட்டுனேன்? கடைக்காரன் இருக்கானா இல்லையான்னு ஊருக்குத் தெரியணும். எல்லாரும் வண்டிய நிறுத்தி வச்சுக் காட்டுதாவ. நான் என்னையே நிறுத்தி வச்சிருக்கேன்."

சிரித்துவிட்டு, திட்டத்தைச் சொன்னேன். மாமா உற்சாகமாகிவிட்டார். "நடக்கவன் இருந்தாத்தானே செருப்பு தேயும். தேஞ்சாத்தானே எனக்கு யாவாரம். நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன், எங்க போடணும்?"

"நீங்க போட்டா போதாது. அப்பா போடணும்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. எதிரே பார்த்தார். "ஒங்க வாப்பாகிட்ட நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்கே தெரியல மக்ளே. தீவாளிக்கு முந்துன வாரம் வரைக்கும் இங்கதான் உக்காந்து டீ குடிச்சாரு. அப்புறம் வரல. நான் கடைக்குள்ள போயிக் கேக்கலாம்னு பாத்தா, வாடிக்கையாளு இருக்காவன்னு முகத்தத் திருப்பிக்கிடுதாரு. மனுசனுக்குக் கோவம்னா காரணமாவது சொல்லணும்லா."

அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "ஒனக்கு ரோடுதானே வேலை, அதப் பாரு" என்றார். முழங்காலில் ஒரு நீளத் தழும்பு தெரிந்தது, வேட்டியை இழுத்து மூடினார். என்ன என்றேன். கடை ஷட்டர் இடித்துவிட்டதாம். முழங்காலில் ஷட்டர் எப்படி இடிக்கும் என்று கேட்க வந்தேன், அதற்குள் சீரியல் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். எங்கள் தெரு வரைக்கும் போலீஸ் தடுப்புப் போட்டுவிட்டார்கள், ஒரு வண்டி கிடையாது. மற்ற நாளில் ஹாரன் சத்தத்தில் பல்லைக் கடிக்கிற தெருவில் இன்று பலூன்காரன், ஜிகர்தண்டா, தலை நிறையப் பிச்சிப்பூவோடு பெண்கள், தகப்பன் தோளில் குழந்தைகள். தெரு நடுவில் நாலு கிழவர்கள் நின்று அரசியல் பேசுகிறார்கள், யாரும் அவர்களை ஒதுங்கச் சொல்லவில்லை. நான் கணினியில் தட்டுத்தடுமாறி வரைந்துகொண்டிருப்பதை இந்த ஊர் வருடத்துக்கு ஒருமுறை தானாகவே செய்துகொள்கிறது.

அதைவிட அதிசயம், சாயங்காலம் அப்பாவைக் காணவில்லை என்று தேடினால், ஆள் காஜா மாமா கடையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பொட்டலம் கடலை. மாமாவும் எடுத்துத் தின்கிறார். நான் பார்த்ததும் அப்பா, "தேர் பாக்க இங்க இருந்துதான் தோது" என்றார். அங்கிருந்து தேர் தெரியாது. திருவிழா நாளில் மனிதர்களுக்கு நல்ல புத்தி வரும்போல. சண்டை தீர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

தீரவில்லை. தடுப்பை எடுத்துவிட்டார்கள். அப்பா தன் கடையில், மாமா தன் கடையில். மாமா கையை அசைத்தார். அப்பாவும் அசைத்தார், ஆனால் போகவில்லை. எனக்கு இந்த மனிதரைப் புரியவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

சங்கக் கூட்டம். நான் மூக்கு உடைபட்ட நாள்.

வரைபடத்தைத் திரையில் போட்டு, ஊடே புகும் வண்டிகளைக் காட்டி, நன்றாகத்தான் பேசினேன். முடித்ததும் தலைவர் எழுந்தார். வீட்டில் பனியனோடு திரிகிறவர் இங்கே வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா.

"அவுக ஊடே போற வண்டியைச் சொல்லுதாவ. நிக்கிற வண்டி? என் மக எடுத்த கணக்குதான் இது. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தெருவுல ஒரு அடி காலி இல்லன்னு அவளே எழுதியிருக்கா. அத்தனையும் வாடிக்கையாளு வண்டி. அதை எடுத்துப்புட்டு எங்கள என்ன பண்ணச் சொல்லுதிய?"

கைதட்டல். பலசரக்குக் கடை அண்ணாச்சி விசில்கூட அடித்தார். என் கணக்கை வைத்தே என்னை அடித்துவிட்டார். 'அவுக' என்று மரியாதையாக ஆரம்பித்து 'அவளே' என்று முடித்ததை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கடிதம் கிடையாது. எஸ்தர் மேடம் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் கையிலும் ஒன்றும் இல்லை. ராத்திரி பெட்டியை இழுத்து வெளியே எடுத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையணை உறையை மாற்றினாள். தலையணை உறை நேற்றுத்தான் மாற்றியது. பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

ஜூலை 18, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

சங்கரன்கோவிலில் ஒரு துஷ்டி, சொந்தத்தில் ஒரு சாவு. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் கிளம்பினார்கள். கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பஸ் ஏறுகிற நேரத்தில் அம்மா சொன்னாள்: "வண்டிய வாசல்ல நிறுத்த மறந்துறாத."

"ஆளே இல்லாம வண்டி எதுக்கு?"

"வண்டி நின்னாத்தான் ஆளு உள்ள வருவாவ."

அப்பாவைப் போலத் தள்ளிக்கொண்டு போக எனக்கு என்ன தலையெழுத்தா, ஓட்டிக்கொண்டு போகலாம் என்று உதைத்தேன். உதைத்தேன், உதைத்தேன். டேங்கைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனைகூட இல்லை. மூடியின் உள்பக்கம் சிலந்தி கூடு கட்டியிருந்தது. திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா உள்ளே வந்தார். சீர்ப் பாத்திரம் பார்க்க வேண்டுமாம், ஆவணியில் கல்யாணம். சுற்றிப் பார்த்தார். "மொதலாளி வண்டி நிக்கு. மொதலாளிய எங்க?" வெளியூர் போயிருக்கிறார் என்றேன். "மொதலாளி இருந்தாத்தான் வெல கொறையும். நாளைக்கு வாரேன்" என்று ஸ்கூட்டரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். ஏமாற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலுக்கு ஓடினேன். பலசரக்குக் கடை முன்னால் சிவப்பு பைக், அது அண்ணாச்சி வண்டி. ஜவுளிக்கடை முன்னால் கறுப்பு ஸ்கூட்டர், அது முதலாளி வண்டி. கண்ணாடிக் கடை, நகைக் கடை, சைக்கிள் கடை, எல்லாம் முதலாளி வண்டி. தம்பிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. இந்தத் தெருவில் எல்லாரும் வாசலில் வண்டியைப் பார்த்துத்தான் முதலாளி இருப்பதைத் தெரிந்துகொள்வார்கள், பார்த்தபின்தான் உள்ளே வந்து பேரம் பேசுவார்கள். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருகிறார்கள்.

இது எனக்குத் தெரியாததா? பேசத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்கூட்டர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் காசு கேட்கப் போவேன். அப்படியிருந்தும் மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் அப்பாவின் ஓடாத ஸ்கூட்டரை நாள் முழுக்க வாடிக்கையாளர் வண்டி என்று எழுதி வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரி எண்ணியிருந்தால் கேட்டிருப்பாள், இது யார் வண்டி என்று. கடையில் யாருமில்லை, அண்டாவைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

சாயங்காலம் அம்மா திரும்பியதும் கேட்டேன். "அப்பா கடைசியா எப்பம்மா வண்டி ஓட்டுனாவ?"

அம்மா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. காஜா மாமா பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று அப்பா தெருவைக் கடந்தாராம். தப்பான பக்கம் வந்த பைக் தட்டிவிட்டுப் போய்விட்டது. யாரும் பார்க்கும்முன் தானே எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் வண்டியும் எடுக்கவில்லை, தெருவையும் கடக்கவில்லை. "கால எடுத்து வச்சா நடுங்குதுங்காவ. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ. சங்கத் தலைவருக்கு ரோடு கடக்கப் பயம்னா சிரிக்க மாட்டாவளா?"

காக்காய். செம்புக் கம்பி போட்ட செருப்பு. தேர் அன்று மடியில் கடலைப் பொட்டலம்.

நான் இந்த ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் நடந்து கடக்கச் சிரமம் எவ்வளவு என்று நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன். என் வீட்டில் ஒருவர் தினமும் தெரு ஓரத்தில் நின்று திரும்பிப் போகிறார், அதை வீம்பு என்று எழுதியிருக்கிறேன். ஒரு மூச்சு அழுதேன். ஜூலை மாதக் குக்கர் கொஞ்சம் நனைந்துவிட்டது.

ஜூலை 19, சனி

அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக் கூடாது. மாடியில் ஸ்டூல் போட்டு மறுபடி எண்ணினேன், இந்தமுறை வண்டி யாருடையது என்று சேர்த்து. முடிவை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

அவசரக் கூட்டம் கேட்டு வாங்கினேன். இந்தமுறை திரை, வரைபடம் எதுவும் இல்லை. ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். காஜா மாமா கடன் கொடுத்தது.

"போன தடவ நான் சொன்ன கணக்கு தப்பு" என்று ஆரம்பித்தேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "நம்ம தெருவ அடைச்சு நிக்கது வாடிக்கையாளு வண்டி இல்ல. உங்க வண்டி. நீங்க கடைல இருக்கியன்னு காட்டத்தான் அது நிக்கு. அதுல ஓடாத வண்டியும் உண்டு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பலசரக்குக் கடை அண்ணாச்சியைப் பார்த்தேன். "என்னோடது ஓடும்" என்றார் அண்ணாச்சி. "எப்பவாவது."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குமுன் நாற்காலியை நடுவில் போட்டேன். "காஜா மாமாவ இந்தத் தெருவுல யாராவது இல்லன்னு நெனச்சு திரும்பிப் போயிருக்காவளா? நாற்காலியப் பாத்தே வருதாவ. வண்டிய பின்சந்துல விட்டுட்டு வாசல்ல ஆளுக்கொரு நாற்காலி போடுங்க. நடக்க எடம் கெடச்சா ஜனம் நின்னு பாக்கும். நின்னு பாத்தா உள்ள வரும். சோதனைய ஆடியில வச்சுக்கிடுவோம். ஆடியில எப்படியும் யாவாரம் படுத்துக் கெடக்கு. நட்டம்னா ஆவணி பொறக்கதுக்குள்ள தடுப்ப எடுத்துருவோம். வேண்டாம்னு நீங்க சொன்னா, நான் பெட்டியக் கட்டிருதேன்."

கடைசி வாக்கியம் நான் திட்டமிட்டது அல்ல. வந்துவிட்டது. 

அப்பா பேனா மூடியைத் திருகினார். "ஆடி மட்டும்" என்றார். "ஆவணில எழுதிக் குடுக்கதும் குடுக்காததும் என் இஷ்டம்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

எஸ்தர் மேடம் கடிதத்துக்கு ஆடிக் கடைசிவரை பொறுக்கச் சம்மதித்துவிட்டார், இரு முனையிலும் தடுப்பு போட்டோம். காலையில் பைக்குக்காரர்கள் வந்து வந்து முட்டித் திரும்பினார்கள். ஒருவர், தான் யார் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். மதியம் ஒரு பசு வந்து தெரு நடுவில் படுத்து அசை போட்டது. எஸ்தர் மேடம் அதற்கு ஒரு படம் எடுத்து, முதல் பயனாளி என்று அலுவலகத்துக்கு அனுப்பினார்.

கடைவாசலில் எல்லாம் நாற்காலி. ஜவுளிக்கடைக்காரர் சாய்வு நாற்காலி, நகைக் கடைக்காரர் மெத்தை வைத்தது. அப்பா மர நாற்காலியில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல விறைப்பாக இருந்தார். எதிரே மாமா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா இன்னும் தெருவில் இறங்கவில்லை. தடுப்பைத் தாண்டி ஒரு வண்டியும் வருவதில்லை. ஆனாலும் வாசல்படி ஓரம்வரை வந்து நின்றுவிடுகிறார். காலுக்கு ஞாபகம் இருக்கிறதே. கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கண்ணாடிக் கடைக்காரர், வியாபாரம் பரவாயில்லை என்கிறார். பலசரக்குக் கடை அண்ணாச்சி, வியாபாரம் படுமோசம் என்கிறார். சொல்லிக்கொண்டே மூன்று பேருக்குப் பொட்டலம் கட்டினார். பெண்கள் குழந்தைகளைக் கையை விட்டு நடத்துகிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்த கணக்கு, கணினியில் போட முடியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அப்பா இன்று படியிலிருந்து இறங்கித் தெருவில் நின்றார். ஒரு நிமிடம் நின்றிருப்பார். யாரோ ஹாரன் அடித்தார்கள், பெரிய சாலையில். ஏறிவிட்டார்.

நான் மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில நாளில் ஆடி முடிகிறது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கடைசி. மதியத்துக்கு மேல் எஸ்தர் மேடம் வந்தார், கடிதம் திங்கள்கிழமை மேசையில் இருக்க வேண்டும் என்றார். சங்கத்தின் கடிதத்தாளை எடுத்து, நானே தட்டச்சு செய்து, கடை மேசையில் வைத்தேன். அப்பாவிடம் கேட்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். மர நாற்காலி காலி.

 உள்ளே தேடினேன், பின்சந்தில் தேடினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, என் தாடையைப் பிடித்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

காஜா மாமா கடைவாசலில் இரண்டு நாற்காலி. அப்பா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். செம்புக் கம்பிச் செருப்பு மாமாவின் கையில். தெரு அமைதியாக இருந்ததால் அவர்கள் பேசுவது அப்படியே கேட்டது.

"இது எப்ப வே அறுந்துச்சு?"

"இன்னைக்குத்தான்."

"இன்னைக்கு அறுந்ததுக்கா கம்பியில இவ்வளவு களிம்பு?"

"செருப்பக் காட்டுவியா, வியாக்கியானம் பண்ணுவியா?"

மாமா உள்ளே போனார். பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. குனிந்து அப்பாவின் காலை எடுத்து மடியில் வைத்துச் செருப்பு மாட்டும்போது வேட்டி விலகியிருக்க வேண்டும். மாமாவின் கை அந்தத் தழும்பில் நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். அப்பா ஏதோ சொன்னார், அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. மாமா தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, "கோட்டி, கோட்டி, நான் வந்திருக்க மாட்டேனா வே" என்று அப்பாவின் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதன்பின் டீக்கு ஆள் அனுப்பினார். ஒரு டீதான், இரண்டு டம்ளர்.

அந்த நேரம் பார்த்து ஆவணிக் கல்யாணத்து அம்மா மறுபடியும் வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். "இன்னைக்கும் மொதலாளி இல்லையா?"

"இருக்காவ. எதிர்க்கடையில."

அந்த அம்மா திரும்பி, இங்கிருந்தபடியே, குத்துவிளக்கும் அண்டாவும் சேர்த்து என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார். அப்பா அங்கிருந்தபடியே சொன்னார். அந்த அம்மா குறைக்கச் சொன்னார். மாமா இடையில் புகுந்து, "கல்யாண வீடுய்யா, கொறைச்சுக் குடும்" என்றார். "ஒன் கடைச் செருப்ப மொதல்ல கொறை" என்றார் அப்பா. பேரம் தெருவுக்குக் குறுக்கே நடந்தது, நடுவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், நகைக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். கடைசியில் அந்த அம்மா வாங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடிதத்தை உயர்த்திக் காட்டினேன். "அப்பா, இது என்ன ஆகுது?"

"இங்க கொண்டா, போடுதேன்."

"நீங்கதான் வந்து போடணும். சீல் இங்கதான் இருக்கு."

 அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்தார், புதுச் செருப்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு மாமாவிடம் ஏதோ பேசிக்கொண்டே, பேச்சு முடியாததால் தலையைப் பின்னால் திருப்பியபடி, தெருவைக் கடந்து வந்தார். இரண்டு பக்கமும் பார்க்கவே இல்லை.